எச்.ஆர். யாருடைய ஆள்?

பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் சென்ற மாதம் என்னைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். இருபது வருடப் பழக்கம். இரண்டு கடைகள், ஒரு களஞ்சியம், எல்லாமாக 22 ஊழியர்கள். முகாமைத்துவம் படித்துவிட்டு வந்த மகன் ஒரு வருடமாகக் கடையில் இருக்கிறார். அவருடைய யோசனைப்படி ஒரு மனிதவள உத்தியோகத்தரை, நாம் சாதாரணமாகச் சொல்லும் எச்.ஆர். ஆளை, நியமிக்கப் போகிறார்களாம்.

பிளேன்டீ வந்தது. ஹாஜியார் கல்லாவைப் பூட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க இந்த வேலை செஞ்ச ஆள். ஒண்டு சொல்லுங்க. இந்த எச்.ஆர். எண்டு எடுக்கிற ஆள் எங்கட ஆளா, பொடியன்மார்ட ஆளா?"

மகன் குறுக்கிட்டார். "அவர் ரெண்டு பக்கத்துக்கும் பாலம் மாதிரி வாப்பா."

"பாலத்துல ரெண்டு பக்கத்தாலயும் ஏறி மிதிப்பாங்க மகன். அத விடுங்க. சம்பளம் குடுக்கிறது யாரு?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் ஒன்பது வருடங்கள் வேலை செய்தவன் நான். இந்தக் கேள்வியை அந்த ஒன்பது வருடமும் யாரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஹாஜியாரின் மகன் சொன்ன அதே பாலக் கதையைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

இந்தப் பிரிவு எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்தாலே குழப்பத்தின் வேர் தெரியும். இங்கிலாந்தில் யோர்க் நகரில் ரவுண்ட்ரீ என்ற குடும்பம் சொக்லட், கொக்கோ தொழிற்சாலை நடத்தியது. 1896இல் அங்கே மேரி வுட் என்ற பெண்மணியை ஊழியர் நலன் பார்ப்பதற்காக நியமித்தார்கள். தொழிற்சாலைப் பெண் பிள்ளைகளின் சுகதுக்கத்தைக் கவனிப்பதுதான் அவருடைய வேலை. இத்தகைய நலன்புரி ஊழியர்கள் பல நிறுவனங்களில் உருவாகி, 1913இல் அதே யோர்க் நகரில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்று பிரித்தானியாவில் மனிதவளத் துறைக்குப் பட்டயம் வழங்கும் நிறுவனம் அந்தச் சங்கத்தின் வழியில் வந்ததே.

அட்லாண்டிக்கின் மறுபக்கம் கதை வேறு. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் நெஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்ற கம்பனி இருந்தது. எமது கடைகளில் ஒரு காலத்தில் மணியடித்துத் திறந்த கல்லாப்பெட்டி இயந்திரங்களைச் செய்த அதே கம்பனி. 1901இல் அங்கே பெரிய தொழிற்பிணக்கு ஏற்பட்டு வேலை நின்றது. அது முடிந்த பின் முதலாளி ஜோன் பெட்டர்சன் தொழிலாளர் விவகாரங்களுக்கென்றே தனிப் பகுதி ஒன்றை ஏற்படுத்தினார். முறைப்பாடுகளைக் கேட்பது, யாரை விலக்குவது என்பதைப் பார்ப்பது, மேற்பார்வையாளர்களுக்குச் சட்டதிட்டம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. இன்னொரு வேலைநிறுத்தம் வந்து கம்பனி நட்டப்படக் கூடாது என்பதே அங்கே நோக்கம்.

ஆக, ஒன்று ஊழியர் நலனுக்கென்று பிறந்தது. மற்றது கம்பனியின் பாதுகாப்புக்கென்று பிறந்தது. காலப்போக்கில் இரண்டும் ஒரே மேசையில் வந்து அமர்ந்தன. பெயர் மட்டும் நலன்புரி, ஆளணி, மனிதவளம் என்று மாறி வந்தது. 1997இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் உல்ரிச் எழுதிய நூல் இத்துறையில் மிகப் பிரபலம். மனிதவளப் பிரிவுக்கு நான்கு பாத்திரங்கள் உண்டென்று அவர் வகுத்தார். அவற்றில் ஒன்று கம்பனியின் வியூகப் பங்காளி. இன்னொன்று ஊழியரின் குரலாக நிற்பவர். வகுப்பில் இருந்து கேட்கும்போது இரண்டும் அழகாகப் பொருந்தும். ஒருவனை வேலையை விட்டு அனுப்பும் நாளில்தான் பொருந்தாது.

நான் செய்த பிழை

எனக்கு அது தெரிந்தது இப்படித்தான். துணி வெட்டும் பகுதியில் வேலை செய்த சிங்கள இளைஞர் ஒருவர் ஒரு நாள் மாலை என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தலாமா என்று கேட்டார். நான் எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்: பயப்படாமல் சொல்லுங்கள், நாங்கள் இருப்பதே உங்களுக்காகத்தானே. அவர் சொன்னது இது. மேற்பார்வையாளர் மேலதிக நேர அட்டைகளில் கை வைக்கிறார். இரண்டரை மணி நேரம் நின்றால் இரண்டு மணி நேரம்தான் பதிவாகிறது. ஒருவருக்கு அரை மணி நேரம் பெரிதல்ல. ஆனால் எழுபது எண்பது பேருக்கு, வாரத்தில் நான்கு நாட்கள் என்று பார்த்தால் அது யாரோ ஒருவரின் கணக்கில் நல்ல இலக்கமாகிவிடும்.

அவர் சொன்னதை அன்றிரவே அறிக்கையாக எழுதி முகாமையாளருக்கு அனுப்பினேன். பெயரோடுதான் அனுப்பினேன். முறைப்பாடு என்றால் முறைப்பாட்டாளரின் பெயர் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். மூன்று வாரத்தில் அந்த இளைஞர் கம்பனியின் வேறொரு தொழிற்சாலைக்கு, அவருடைய ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடத்துக்கு, இரவு வேலைக்கு மாற்றப்பட்டார். மாற்றக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைத்தவன் நானேதான். அவர் ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு விலகிவிட்டார்.

சில வருடங்கள் கழித்து கட்டுநாயக்காவில் அவருடைய முச்சக்கர வண்டியிலேயே ஏற நேர்ந்தது. அவர்தான் முதலில் அடையாளம் கண்டார். ஏசவில்லை. இறங்கும்போது சிங்களத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "சேர், நீங்கள் கம்பனி ஆள் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்."

நான் கம்பனியிடம் சம்பளம் வாங்கியவன், கம்பனிக்கே வேலை செய்தேன். அதில் அவருக்குக் குறையில்லை. அதை மறைத்து, அவருடைய ஆள் போலப் பேசி, வாயைக் கிளறி எடுத்ததுதான் அவருக்கு நான் செய்த அநியாயம்.

சரி, அப்படிச் செய்து கம்பனிக்காவது நன்மை செய்தேனா என்றால் அதுவும் இல்லை. அடுத்த வருடம் வெளிநாட்டுக் கொள்வனவாளரின் கணக்காய்வாளர்கள் வந்தார்கள். வாயில் காவலரின் பதிவேட்டையும் மேலதிக நேர அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அரை மணி நேரக் கதை அரை நாளில் வெளியே வந்தது. குறைத்த நேரம் முழுவதற்கும் ஒன்றரை மடங்குக் கொடுப்பனவை எல்லோருக்கும் பின்னோக்கிக் கட்ட வேண்டி வந்தது. அதைவிடப் பெரிய நட்டம், அந்தப் பருவத்தின் ஓடர் ஒன்று கைமாறிப் போனது. அந்த இளைஞரின் பெயரை மறைத்து, விடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் "இது சட்டத்துக்கு மாறு, இன்றே நிறுத்துங்கள்" என்று முகாமையாளரிடம் சண்டை பிடித்திருந்தால், அதுதான் கம்பனிக்குச் செய்த உண்மையான சேவையாக இருந்திருக்கும். எனக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை. அந்தத் துணிவை எனக்குத் தரும் எந்த ஏற்பாடும் கம்பனியிலும் இருக்கவில்லை.

இது எமது நாட்டுச் சிறு தொழிற்சாலைகளின் நோய் மட்டுமல்ல. ஊபர் கம்பனியில் பொறியியலாளராக இருந்த சூசன் ஃபவுலர் என்ற பெண் 2017 பெப்ரவரியில் தனது அனுபவத்தைப் பகிரங்கமாக எழுதினார். மேலதிகாரி தவறாக நடக்க முயன்றதை மனிதவளப் பிரிவுக்கு ஆதாரத்தோடு அறிவித்ததாகவும், அவர் திறமைசாலி, இது அவருடைய முதல் தவறு என்று சொல்லித் தட்டிக்கழித்ததாகவும் அதில் குறிப்பிட்டார். பின்னர் வேறு பெண்களோடு பேசியபோது, அதே ஆளைப் பற்றி அவர்கள் முறையிட்டபோதும் "முதல் தவறு" என்றே சொல்லப்பட்டதாம். விசாரணைகள் நடந்தன. அவ்வருடம் ஜூன் மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் விலக்கப்பட்டார்கள். அதே மாதம் கம்பனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ட்ரவிஸ் கலனிக் தலைமைப் பதவியை விட்டு இறங்கினார். திறமைசாலி ஒருவரைக் காப்பாற்றப் போய்க் கம்பனி பட்ட பாடு அது. அங்கே மனிதவளப் பிரிவு கம்பனியின் பக்கம் நின்றது என்று கூட என்னால் சொல்ல முடியவில்லை. ஓர் அதிகாரியின் பக்கம் நின்றது, அவ்வளவுதான்.

கம்பனி வேறு, முதலாளியின் கோபம் வேறு

இதையெல்லாம் ஹாஜியாரிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கட கடைக்கு என்ன கொள்வனவாளர், என்ன ஓடர் தம்பி" என்றார். அப்போதுதான் மகன் மேசை லாச்சியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். தொழில் நியாய சபையிலிருந்து, எமது பேச்சில் லேபர் கோட்டிலிருந்து, வந்த அறிவித்தல். எச்.ஆர். ஆள் தேடும் யோசனையின் உண்மையான காரணம் அதுதான் என்று விளங்கியது.

களஞ்சியப் பொறுப்பாளராக 11 வருடங்கள் இருந்தவர். ஹாஜியாரின் ஊர்க்காரர், தூரத்து உறவும் கூட. வருட இறுதிக் கணக்கெடுப்பில் பைப் பொருத்துகளும் பித்தளைக் குழாய்களும் குறைந்தன. பெறுமதி ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். ஹாஜியாருக்குக் கோபம். எல்லோர் முன்னிலையிலும், "நாளைக்கு இந்தப் பக்கம் வர வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கடிதம் இல்லை. விளக்கம் கேட்கவில்லை. களஞ்சியத்தின் சாவி மூன்று பேரிடம் இருந்தது என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

"எச்.ஆர். ஆள் இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பார் அங்கிள்?" என்று மகன் கேட்டார்.

நான் சொன்னதை வாசகர்களும் கவனிக்க வேண்டும். ஏனென்றால் பலருடைய கடைகளில் இந்தக் கதை வேறு வேறு பெயர்களில் நடக்கிறது.

முதலாவது, அவர் ஹாஜியாரின் வாயை ஒரு நாள் பொத்தியிருப்பார். குறைந்த பொருட்களின் பட்டியலோடு களஞ்சியப் பொறுப்பாளருக்கு விளக்கம் கோரும் கடிதம் ஒன்று போயிருக்கும். அவருடைய பதில் எழுத்தில் வந்திருக்கும். சாவி வைத்திருந்த மற்ற இருவரையும் விசாரித்திருப்பார்கள். கடையோடு சம்பந்தமில்லாத ஒருவரை வைத்து ஒழுக்காற்று விசாரணை ஒன்றும் நடத்தியிருக்கலாம். நியாய சபை சாட்சியங்களைத் தானே புதிதாகக் கேட்கும், உண்மைதான். ஆனாலும் கடையில் எழுத்து வேலை ஒழுங்காக இருந்தவருக்கும் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதவருக்கும் அங்கே உள்ள வித்தியாசத்தை அங்கே போய் வந்தவர்கள் அறிவார்கள். வேலையை விட்டு நீக்கியது நியாயமானது என்று காட்ட வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது.

15 பேருக்குக் குறையாத ஊழியர்களை வைத்திருப்பவர்களுக்கு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் பொருந்தும். ஒழுக்கக் காரணத்துக்காக ஒருவரை நீக்கினால், அந்தக் காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் அவருக்கு அறிவிக்க வேண்டும். ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஆட்குறைப்புச் செய்வதானால் ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். ஹாஜியாரிடம் 22 பேர்.

"பதினஞ்சுக்குக் கீழ வச்சா?" என்று ஹாஜியார் கேட்டார். இந்தப் பதினான்கு பேர் விளையாட்டு எனக்குப் பழக்கமானது. பட்டியலில் பதினான்கு பேர், கடையில் இருபது பேர். மிச்ச ஆறு பேரும் 'வந்து போகிறவர்கள்'. ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் ஓர் ஊழியர் இருந்தாலே கட்ட வேண்டியவை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் தலை எண்ணிக்கை பார்ப்பதில்லை. ஆகவே இந்த விளையாட்டில் மிச்சப்படுவது நாம் நினைப்பதைவிடக் குறைவு, மாட்டுப்படுவது அதிகம்.

பிறகு பணிக்கொடை. "களவெடுத்தவனுக்கு ஒரு சதமும் குடுக்க மாட்டன்" என்பது ஹாஜியாரின் நிலைப்பாடு. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. 15 ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம். தானாக விலகினாலும் அந்த உரிமை உண்டு. மோசடியோ பொருளிழப்போ காரணமாக நீக்கப்பட்டவர் அந்த இழப்பின் அளவுக்குத்தான் பணிக்கொடையை இழப்பார். அவருடைய சம்பளம் அறுபதாயிரம். 11 வருடத்துக்கு மூன்று லட்சத்து முப்பதாயிரம். குற்றம் முழுதாக நிரூபணமானாலும் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைக் கழித்து ஒன்றரை லட்சம் கொடுக்கத்தான் வேண்டும். நிரூபணமாகாவிட்டால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை நியாய சபைதான் சொல்லும். மீண்டும் வேலைக்கு எடுக்கும்படியும் சொல்லலாம், நட்டஈடும் சொல்லலாம்.

மகன் சம்பளப் பட்டியலைக் கொண்டு வந்தார். அதில்தான் பெரிய ஓட்டை இருந்தது. சம்பளம் அறுபதாயிரம் என்றாலும் சேமலாப நிதி கட்டியது முப்பதாயிரத்துக்கு. மிச்சம் 'படி' என்று தனிக் காகிதத்தில். பழைய கணக்காளர் செய்து வைத்த ஏற்பாடாம். முதலாளியின் 12 சதவீதமும் ஊழியரிடம் பிடிக்கும் 8 சதவீதமும் கணக்கிடும்போது வாழ்க்கைச் செலவுப் படி போன்றவையும் சேரும் என்பது அவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் செய்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த மாத இறுதிக்குள் கட்டாத பணத்துக்கு மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 சதவீதம் வரை ஏறும். ஒருவரின் வழக்கில் இந்தக் காகிதம் வெளியே வந்தால் மற்ற 21 பேரின் கணக்கும் வெளியே வரும்.

"இத ஒரு எச்.ஆர். ஆள் கண்டுபிடிச்சு உங்களிட்ட வந்து சொன்னா, அவர் உங்கட ஆளா, பொடியன்மார்ட ஆளா ஹாஜியார்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மகன்தான் சிரித்தார்.

இதுவரை நான் சொன்ன எல்லா விடயத்திலும் ஊழியருக்கு நல்லதும் கடைக்கு நல்லதும் ஒன்றாகவே இருக்கின்றன. எல்லா நேரமும் அப்படி இருக்காது, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சம்பள உயர்வு கேட்கும்போது, கடையை மூடும்போது, ஐந்து பேரை நிறுத்த வேண்டி வரும்போது இரண்டு பக்கமும் பிரிந்துவிடும். அந்த நேரத்தில் எச்.ஆர். ஆள் முதலாளியின் பக்கம்தான் உட்காருவார். அதற்காகத்தான் ஊழியருக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது, தொழில் திணைக்களம் இருக்கிறது, நியாய சபை இருக்கிறது. எம்மவர்களில் பலர் ஊழியர் லேபருக்குப் போய்விட்டார் என்றால் அதைத் துரோகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கொடுத்த சாப்பாடு, செய்த உதவி, பிள்ளையின் கலியாணத்துக்குக் கொடுத்த காசு எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுகிறார்கள். எச்.ஆர். பிரிவு ஊழியரின் வக்கீல் அல்ல என்று நாமே சொன்னால், அவர் தனக்கொரு வக்கீலைத் தேடிப் போவதில் குறை காண எமக்கு என்ன நியாயம்?

ஹாஜியானி இருந்த காலம்

எமது கடைகளில் எச்.ஆர். என்ற பெயர் புதிதே தவிர அந்த வேலையை யாரோ செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஹாஜியாரின் கடையில் அதைச் செய்தவர் அவருடைய மனைவி. நான் இதைச் சொன்னதும் ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். ஹாஜியானி மௌத்தாகி மூன்று வருடங்கள் ஆகின்றன.

ஊரிலிருந்து வந்த பொடியன்மார் அந்த வீட்டில்தான் பகல் சாப்பாடு எடுப்பார்கள். சாப்பாட்டுக் கரியரை எடுக்க வரும் பொடியனின் முகத்தைப் பார்த்தே ஹாஜியானி விடயத்தை எடுத்துவிடுவார். ஒருவனுக்கு உம்மாவுக்குச் சுகமில்லை, இன்னொருவனுக்குக் கடை மெனேஜர் லீவு தருகிறார் இல்லை, மற்றவனுக்கு அடகில் இருக்கும் நகை. கடையில் வாய் திறக்காதது வீட்டுக் குசினி வாசலில் வெளியே வரும். ஊரிலிருந்து தாய்மார் போன் எடுப்பதும் அவருக்குத்தான். இரவில் அதில் சொல்ல வேண்டியதை மட்டும் ஹாஜியாருக்குச் சொல்வார். யார் சொன்னது என்று ஹாஜியார் கேட்டால், "அது உங்களுக்கு என்னத்துக்கு" என்பாராம். நான் ஒன்பது வருடத்தில் கற்றுக்கொள்ளாத பாடம் அது.

களஞ்சியப் பொறுப்பாளரின் தாய்க்குச் சிறுநீரக நோய். இரண்டு வருடமாகக் கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். அவர் முன்பணம் கேட்டு இரண்டு முறை கணக்காளரிடம் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். இது ஹாஜியாருக்குத் தெரியாது. அவர் பொருளை எடுத்தாரா இல்லையா என்று எனக்கும் தெரியாது. ஹாஜியானி இருந்திருந்தால் இந்தச் செய்தி இரண்டு வருடத்துக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. சேமலாப நிதி பாதிச் சம்பளத்துக்குக் கட்டப்பட்டது அந்தக் காலத்திலும்தான். சொந்தக்கார முதலாளியிடம் "எனக்கு நியமனக் கடிதம் தாங்க, வருடத்துக்கு 14 நாள் லீவு தாங்க" என்று கேட்க எந்த மருமகனுக்கும் நாக்கு வராது. உறவு முறையால் துயரம் வந்து சேரும், உரிமை வந்து சேராது. உரிமைக்குக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தைச் சரியாக வைத்திருக்கத்தான் எச்.ஆர். ஆள்.

ஆகவே நான் ஹாஜியாருக்குச் சொன்ன ஆலோசனை இரண்டு பேரைப் பற்றியது. எச்.ஆர். ஆள் கடையின் ஆள். முதல் நாளே 22 பேரையும் கூட்டி, இவர் கடையின் ஆள், உங்களுடைய நியமனக் கடிதம், லீவு, சேமலாபம், சம்பளக் கணக்கு இவர் பொறுப்பு, களவு, சண்டை, பெண் பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று எது இவர் காதுக்கு வந்தாலும் மறைக்க மாட்டார் என்று அவரே சொல்லிவிட வேண்டும். முழுநேர ஆள் தேவையில்லை. கிழமையில் இரண்டு நாள் வரும் அனுபவமுள்ள ஒருவர் போதும். மகனின் நண்பர் வேண்டாம். இரண்டாவது ஆள் சம்பளப் பட்டியலில் இல்லாதவர். வாய் இறுக்கமான, வயதான ஒருவர். கடையில் சொல்ல முடியாததை அவரிடம் சொல்லலாம், அவர் பெயர் சொல்லாமல் ஹாஜியாருக்குச் சொல்லலாம். ஹாஜியாரின் மூத்த மச்சான், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்பதாகச் சொன்னார்கள்.

எச்.ஆர். ஆளின் நியமனக் கடிதத்தை வரைந்து தரும்படி கேட்டார்கள். வரைந்து கொடுத்தேன். கடமைகள், நாட்கள், கொடுப்பனவு எல்லாம் வழமையானவை. ஒரு பந்தி மட்டும் நானாகச் சேர்த்தேன்: சட்டத்துக்கு மாறான ஓர் அறிவுறுத்தலைச் செய்ய மறுத்து அதை எழுத்தில் முதலாளிக்குத் தெரிவிக்க இவருக்கு உரிமை உண்டு, அதற்காக இவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட மாட்டாது.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். "என்ட காசுல ஒருத்தன வச்சு, எனக்கே இல்லெண்டு சொல்லச் சொல்றீங்க" என்றார். பேனையால் அந்தப் பந்தியை வெட்டினார். மகன் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை எனக்குப் போன் எடுத்து, வெட்டாத பிரதி ஒன்றை அனுப்பும்படி கேட்டார். அனுப்பினேன்.

களஞ்சியப் பொறுப்பாளரின் வழக்கு அடுத்த மாதம் மூன்றாம் வாரம் அழைக்கப்படுகிறது. சமரசமாகப் பேசி முடிக்கலாமா என்று ஹாஜியார் இப்போது விசாரிக்கிறார். முழுச் சம்பளத்துக்கும் சேமலாப நிதி கட்டும் வேலையை மகன் போன மாதத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார், பழைய நிலுவைக்கு வழி தேடுகிறார். நியமனக் கடிதத்தில் இதை எழுதும் வரை கையெழுத்து விழவில்லை.